கறுக்காத குறுவாள்

அந்தி மயங்கும் வேளையில் வெள்ளாற்றின் நீர்ப்பரப்பெங்கும் முழுமதி பொற்குழம்பை வார்த்துக்கொண்டிருக்க, நாணற்புதர்களுக்கு அப்பால் பாளையம் இறங்கியிருந்த படையின் நடுக்கூடாரத்தில் மட்டும் அந்த அழகைக் காண யாருக்கும் மனமில்லை. தோளில் அம்பு பாய்ந்த புண் வீங்கிச் சிவந்து, இளவரசர் விடங்கதேவர் சுரத்தில் பிதற்றிக்கொண்டிருந்தார். கலயத்துடன் வந்த மருத்துவப் பெண்ணை அவருடைய மெய்காவலன் இளமழவன் வாசலிலேயே மறித்தான்.

“பெயர்?”

“பூதிநங்கை.”

“ஊர்?”

“ஊரைச் சொன்னால் புண் ஆறிவிடுமா, வீரரே? கடுக்காயும் ஆலம்பட்டையும் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறேன். கழுவினால் வீக்கம் வடியும்.”

“எங்கள் வைத்தியர் சோமநந்தியும் கடுக்காய்க் கஷாயத்தால்தான் கழுவுகிறார்.”

“வடிந்ததா?”

இளமழவன் இடையிலிருந்து குறுவாளை உருவினான். இளவரசரைத் தொடும் எந்த மருந்திலும் முதலில் தன் குறுவாளைத் தோய்த்துப் பார்ப்பது அவன் வழக்கம். நஞ்சிருந்தால் இரும்பு கறுக்கும் என்று அவன் பாட்டனார் காலம் முதலே மெய்காவலர்கள் நம்பி வந்தார்கள். தோய்த்தான். பளபளத்த அந்த அலகு, அன்பு வாசகர்களே, அவன் கண்ணெதிரே மெல்ல மெல்லக் கார்முகிலாய்க் கறுத்தது.

மறுகணம் அதன் முனை அவள் கழுத்தருகே இருந்தது.

“நஞ்சா கொண்டுவந்தாய்?”

அவள் நடுங்காமல் கலயத்தை உயர்த்தி ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தாள்.

“துவர்ப்பு, ஐயா. புண்ணைச் சுருக்குவதும் அதுதான், இரும்பைக் கறுக்க வைப்பதும் அதுதான். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்புச் சாயம் தோய்ப்பவர்களிடம் இதை நஞ்சென்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். உங்கள் வைத்தியரின் கஷாயத்தில் இந்த வாள் என்றைக்காவது கறுத்ததா?”

“ஒருநாளும் இல்லை. அதனால்தானே அவரை நம்பி...”

அவன் சட்டென்று கூடாரத்துக்குள் திரும்பினான். மூலையில் சோமநந்தியின் கஷாயம் மிச்சமிருந்தது. இளமழவன் அலகைத் தேய்த்துத் துடைத்து அதில் தோய்த்தான். எவ்வளவு பொறுத்தும் வாள் மின்னிக்கொண்டே இருந்தது. நாவில் ஒரு துளி விட்டுப் பார்த்தான். துவர்ப்பே இல்லை, காவிமண் கரைத்த வெறும் ஆற்றுநீர். நாள்தோறும் அதைச் சோதித்து உள்ளே அனுப்பியவன் அவனேதான்.

வைத்தியரின் கூடாரத்துக்கு ஓடிய வீரர்கள் வெறுங்கையுடன் திரும்பினார்கள். நிலவொளியில் ஒரு பரிசல் அக்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

“என்னைக் கண்டதுமே புறப்பட்டிருப்பார். இனி அகப்பட மாட்டார். எங்கள் கோட்டை வைத்தியருக்கு இந்த ஆற்றின் சுழியெல்லாம் அத்துப்படி” என்றாள் பூதிநங்கை.

“எங்கள் கோட்டையா?”

“நீங்கள் முற்றுகையிட வந்திருக்கும் குன்றக்கோட்டை. அதன் அரசர் என் தந்தை. சோமநந்தியை உங்களிடம் அனுப்பியவரும் அவரே. அவர் போர்க்களத்தில் வெல்லட்டும், வீரரே. அழுகிய புண்ணில் வெல்ல வேண்டாம்.”

பகைவன் மகள்! இளமழவனின் கை மீண்டும் வாளை இறுக்கிற்று. உள்ளே இளவரசர் முனகினார். அவன் வாசலை விட்டு விலகினான். வாளை மட்டும் உறையில் போடவில்லை.

“கழுவுங்கள், அம்மணி. ஒவ்வொரு முறையும் தோய்த்துப் பார்ப்பேன். என்றைக்கு இது கறுக்கவில்லையோ, அன்றைக்கு உங்கள் தலை உங்களுடையதல்ல. இது என் சபதம்.”

“கறுக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.