வெட்டப்படாத தலை

நாற்பது தட்டுகள். நாற்பதிலும் பிணங்கள்!

ஆரோக்கிய ஷீலா ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தாள். ஒரு புள்ளி... ஒரே ஒரு புள்ளிகூட இல்லை.

1995. காரைக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகம். பாக்டீரியா மிதக்கும் திரவத்தில் அவள் டிஎன்ஏ துண்டுகளைக் கலந்திருந்தாள். அதை விழுங்கிய பாக்டீரியா, தட்டிலிருக்கும் விஷ மருந்தைத் தாங்கிப் பிழைக்கும். புள்ளியாக வளரும்.

மூன்று மாதமாக எதுவும் விழுங்கவில்லை.

பேராசிரியர் உபகாரசாமி ஒரு கடிதத்தை நீட்டினார். அவளை ஆய்விலிருந்து நீக்கும் கடிதம். கையெழுத்து மட்டும் பாக்கி.

"என் பாக்டீரியா சொக்கத் தங்கம்மா. புற ஊதா விளக்குல வச்சு நானே மெருகேத்துனது. கொலைகாரி ஒங்கைதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்."

போய்விட்டார்.

"டிஎன்ஏ கெட்டுப்போச்சோ?" பக்கத்து மேஜை விஷ்வாவிடம் கேட்டாள்.

"அதே டிஎன்ஏவைத்தான் என் சாதா பாக்டீரியா முழுங்குச்சு ஷீலாக்கா. ஒங்க தங்கம் வெளிய கை நீட்டுதான்னு பாருங்க."

கை என்பது ஒரு புரதம். மேற்பரப்பில் இழையாக அடுக்கி நின்று டிஎன்ஏவை உள்ளே வரவைக்கும்.

தேடினாள். இருந்தது! ஆனால் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், விஷ்வாவின் பாக்டீரியா புரதத்தைவிட ஒரு மயிரிழை மேலே நின்றது.

"மேல நின்னா பெருசுன்னு அர்த்தம். என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு விஷ்வா."

"எங்க மாமா ஆத்தங்குடில தரைக்கல்லு போடுறாருக்கா. கண்ணாடி மேலதான் வார்ப்பாக. காஞ்சதும் கண்ணாடிய உருவிரணும். உருவாம பதிச்சா?"

ஷீலா நிமிர்ந்தாள்.

புரதம் பிறக்கும்போதே ஒரு குட்டித் தலையோடு பிறக்கும். ஒரு நொதி, கத்திரி மாதிரி, அதைச் சரியான இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் புரதம் சவ்விலேயே சிக்கிக் கிடக்கும்.

"கத்திரி இல்ல! நல்ல கத்திரியோட மரபணுவ உள்ள விடணும்."

"எப்புடி விடுவீக? அதுதான் எந்த டிஎன்ஏவையும் முழுங்க மாட்டேங்குதே."

ஷீலா ஒரு வெற்றுத் தட்டை மூடி வைத்தாள்.

"வைரஸ்," என்றாள். "அது அனுமதி கேக்காது. குத்தி ஏத்திரும்."

விஷ்வாவின் பாக்டீரியாவில் வைரஸை வளர்த்தாள். கிளம்பும் அவசரத்தில் சில வைரஸ்கள், தங்கிய வீட்டு மரபணுவைத் தவறுதலாக மூட்டை கட்டிவிடும். அவற்றைப் பேராசிரியரின் தங்கத்தின்மீது ஏவினாள். பிழைத்த பாக்டீரியாவில் ஒன்றுக்குக் கத்திரி கிடைத்திருந்தது. அதை வளர்த்து, மறுபடி டிஎன்ஏவைக் கலந்தாள்.

வெள்ளிக்கிழமை. தட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்!

கத்திரி கெட்டுப்போனதை ஷீலா சொன்னதும், உபகாரசாமி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கத்திரிய ஒடச்சது யாரும்மா?"

"ஒங்க விளக்கு சார். நீங்க மெருகேத்தும்போது அந்த மரபணு கெட்டுப்போச்சு. கத்திரி இல்லேன்னா தலை வெட்டுப்படாது. வெட்டுப்படாத புரதம் வெளிய வராது. டிஎன்ஏ உள்ள போகாது. நல்ல கத்திரி குடுத்தேன். முழுங்குது."

அவர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரிய கண்டுபிடிப்பும்மா. கட்டுரைல என் பேரு முதல்ல வரணும்."

விஷ்வா தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"குத்தப்பத்திரிகைலயும் ஒங்க பேரத்தான் சார் முதல்ல போடுவாக."