யாழினி அரங்கில் எதுவும் திருடுபோகவில்லை

காலை 6.40.

வாசலில் வாழைமரம் கட்டிவிட்டு உள்ளே வந்த காவலாளி காசிமாயன், முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பத்தரை மணிக்குப் பல்கலைக்கழகத்தின் புதுக் கலையரங்கத்துக்குத் திறப்பு விழா. பெருமாநல்லூர் சாலை முழுக்க அன்று தோரணம். இந்த நேரம் பார்த்தா பெட்டி உடைய வேண்டும்?

ஆளுயரப் பெட்டி. உள்ளே ஒரு பொம்மை. பொம்மையின் மேல் பச்சைப் பட்டில், சிவப்புக் கரை வைத்துத் தைத்த நடன உடை. பல்கலைக்கழகத்தை நடத்தும் பனியன் கம்பெனி முதலாளி மாரப்பனின் ஒரே மகள் யாழினி கடைசியாக ஆடியபோது உடுத்தியது. போன வருடம் போட்டி முடிந்து திரும்பும் வழியில் வேன் கவிழ்ந்தது. அவளும் உடன் ஆடிய ஜோதிகாவும் வீடு வந்து சேரவில்லை. அரங்கத்துக்கு யாழினியின் பெயர் வைத்தார்கள். ஜோதிகாவுக்கு அங்கே ஒரு படம்கூடக் கிடையாது.

காலை 7.25.

எஸ்.ஐ. அன்புசெல்வி வந்து இறங்கினாள். போலீஸில் சேரும் முன் இரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். நூல் பிசகினால் அப்போது பிடிப்பாள், ஆள் பிசகினால் இப்போது பிடிக்கிறாள். சம்பளம்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது.

"என்ன காணோம்?"

"ஒண்ணும் காணாமப் போகலீங்க மேடம். அதானுங்க புரியல" என்றார் அரங்க மேலாளர் பூபாலன்.

பெட்டிக் கதவின் தாழ்ப்பாளை ஒட்டி, கையை விட்டு உள்ளிருந்து திறக்கும் அளவுக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. தரையில் ஒரு சில்லுகூட இல்லை. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. உடைந்த துண்டுகளையெல்லாம் பழைய வடிவத்துக்கே சேர்த்து, அந்தத் தாளில் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அடியில் நீல மையில் தேதி. பக்கத்தில் '5.50. 7 பீஸ்.'

"திருடன் கொஞ்சம் கழண்ட கேஸ் போலிருக்குங்க மேடம்" என்றார் கான்ஸ்டபிள் சதீஷ்குமார்.

அன்புசெல்வி சிரிக்கவில்லை. மண்டியிட்டுத் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எதுவும் குத்தவில்லை.

"பெட்டிச் சாவி?"

"எங்கிட்டத்தானுங்க. நேத்து சாயங்காலம் நாந்தான் டிரஸ்ஸ மாட்டிப் பூட்டுனேன்."

"அப்ப வித்தியாசமா ஏதாச்சும் பாத்தீங்களா?"

"இல்லீங்க. உள்பக்கம் பனியன் துணி வெச்சுத் தெச்சிருந்துது. மொதலாளி புள்ளைங்கிறது டான்ஸ் டிரஸ்ஸுலயும் தெரியுதேன்னு நெனச்சேன், அவ்வளவுதானுங்க."

அதற்குள் மாரப்பன் வேட்டியை இழுத்துப் பிடித்தபடி வேகமாக வந்தார். "ஏனுங்க மேடம், இதுல விசாரிக்க என்னங்க இருக்குது? அந்தக் காவக்காரன் குடிச்சுப்போட்டு மோதியிருப்பான். பத்து மணிக்குள்ள அவனை ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. எம்பட ஊட்டுக்காரி இதைப் பாத்தா தாங்கமாட்டா."

குடிகாரன் உடைத்த கண்ணாடியை எண்ணிப் பார்ப்பானா? அன்புசெல்வி தலையை ஆட்டிவிட்டு வாசல் பக்கம் நடந்தாள்.

காலை 8.10.

வாயிற்கதவருகே காசிமாயன் குந்தியிருந்தார்.

"அஞ்சு மணிக்கு மேல யாரு யாருங்க உள்ள போனது?"

"மூணே பேருதாம்மா. பூ டெகரேசன் லிங்கசாமி, மைக்செட்டுக்காரரு, டிரஸ் தைக்கிற முத்துப்பேச்சி. இன்னைக்கு ஆடுற பிள்ளைகளுக்கு டிரஸ் கொண்டாந்துச்சு."

"அவங்க வெளியாளா?"

"கம்பெனியில டெய்லரும்மா. ஜோதிகாவோட அம்மா. வேன்ல போன பிள்ளைக ரெண்டுக்கும் ஒரே மாதிரி டிரஸ் தச்சுக் குடுத்ததே அதுதான்." அவர் குரல் இறங்கியது. "என்னைய உள்ள வச்சிருவாகளாம்மா? உசிலம்பட்டியில மகளுக்கு நிச்சயம் ஆயிருக்கு. போலீஸ்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல நிறுத்திப்புடுவாக."

காலை 8.45.

பூபாலனிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்தாள் அன்புசெல்வி. பொம்மை மேலிருந்த ரவிக்கையின் ஓரத்தைப் புரட்டினாள். உள்ளே பனியன் துணி இல்லை. வெள்ளைப் பாப்ளின்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டால் காசிமாயன் மகளின் கல்யாணம் நிற்கும். திறந்தாலோ, மகளை இழந்த ஒரு தாயிடமிருந்து மிச்சம் இருந்ததையும் பிடுங்க வேண்டும். போலீஸ் வேலையை அன்று அவள் மனதாரத் திட்டினாள். பிறகு பச்சை உடையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, மாரப்பனின் மனைவி நஞ்சம்மாளைத் தனியாக அழைத்துப் போனாள்.

காலை 9.20.

ஒப்பனை அறையில் முத்துப்பேச்சி ஒரு பாவாடைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். ஊசி அவள் கையிலேயே நின்றது.

"முத்துப்பேச்சியக்கா, கண்ணாடிய உடைச்சது நீங்கதானுங்க" என்றாள் அன்புசெல்வி.

முத்துப்பேச்சி ஊசியைப் பாவாடையிலேயே குத்தி வைத்தாள்.

"கம்பெனியில ஊசி உடைஞ்சா ஒரு துண்டு விடாமத் தேடி, சேத்து, தாள்ல ஒட்டி, நேரம் எழுதிக் குடுத்தாத்தான் புது ஊசி. ஒரு துண்டு கெடைக்கலைன்னாலும் தையல் லைனே நின்னுபோயிரும். அந்தப் பழக்கம் உங்களைக் காட்டிக் குடுத்துருச்சு. உள்ள வந்த மூணு பேருல டெய்லர் நீங்க ஒருத்தருதான். நேத்து பெட்டியில இருந்த டிரஸ்ஸுல பனியன் துணி. இன்னைக்கு பாப்ளின். நீங்க எதையும் திருடல. மாத்தி வெச்சீங்க."

"பிள்ளைக வெறுங்காலோட அந்த வழியாத்தாம்மா மேடைக்குப் போகும்" என்றாள் முத்துப்பேச்சி. "சில்லு கெடந்தா ஏறிராது? அதான் பெறக்குனேன்."

நஞ்சம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்துனதுன்னா? எனக்கு ஒண்ணும் புரியலீங்களே."

"ஜோதிகாவுக்குப் பட்டு பட்டா ஒடம்பெல்லாம் தடிச்சுப்போகும்மா. அதான் அவளுக்கு மட்டும் உள்ள பனியன் துணி வச்சேன். ஆஸ்பத்திரியில டிரஸ் இருந்த பைய மாத்திக் குடுத்துட்டாக. உங்க பிள்ளையோடது எங்கிட்ட வந்துருச்சு. மூணு தடவ உங்க வீட்டு வாசலுக்கு வந்தேன். உள்ள விடல. அப்புறம் வேலைக்காரம்மா சொன்னாக, நீங்க அத நெஞ்சுல வச்சுக்கிட்டுத்தான் படுக்கீகன்னு. அதுக்கு மேல எப்படிக் கேக்க?" அவள் பாவாடையை மடித்து ஓரமாக வைத்தாள். "கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டப் போறாகன்னதும் மனசு கேக்கலம்மா. வேற பேருக்குக் கீழ எம் பிள்ள நிக்குதே."

நஞ்சம்மாள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். வெளியே மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஒரு வருசமா நான் கட்டிப்புடிச்சுட்டு அழுதது உங்க புள்ளையவா?"

முத்துப்பேச்சி ஆமென்று தலையை அசைத்தாள்.

நஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அன்புசெல்வியைப் பார்த்து, "கம்ப்ளெயிண்ட் ஒண்ணும் வேண்டாமுங்க. அந்தக் காவக்காரரை விட்டுறச் சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

அன்புசெல்வி பச்சை உடையை அவர் மடியில் வைத்தாள். நஞ்சம்மாள் பயந்து பயந்து அதை முகத்தருகே கொண்டுபோனார். அடுத்த கணம் அவர் உடம்பு குலுங்கியது.

"எம்பட கண்ணு வாசம். அப்படியே இருக்குதுங்களே! எப்படிங்க?"

"எக்ஸ்போர்ட் பீஸ் மாதிரி பாலிபேக்ல போட்டு, காத்துப் போகாம டேப் ஒட்டி வச்சேம்மா. ஒரு நாளும் பிரிக்கல. உங்க பிள்ளையோடதாச்சே."

நஞ்சம்மாள் அழுது முடிக்கும்வரை முத்துப்பேச்சி காத்திருந்தாள். அவள் காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதன் வாயில் பச்சைப் பட்டு கொஞ்சம் தெரிந்தது. நஞ்சம்மாள் அதைக் கவனித்தார்.

"உங்க புள்ள வாசம் அதுல இருக்குதுங்களா?"

முத்துப்பேச்சி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"காலையிலயே மோந்து பாத்துட்டேம்மா. இப்ப அதுல உங்க வாசந்தான் இருக்கு."