சரி, வாறன்

"நான் பார்சல் இல்லை, அன்ரி," என்றாள் வினுஷா.

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது நிரஞ்சினியின் அறை. வினுஷா சிட்னிக் கழகம் ஒன்றின் கூடைப்பந்து வீராங்கனை. அவளை மெல்பேர்ன் கழகத்துக்குக் கொடுத்துவிட்டு அங்கிருந்து ஒருத்தியை எடுக்க ஏற்பாடாகியிருந்தது. அவள் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது என்கிறது ஒப்பந்தம். சம்மதித்துவிட்டாள் என்று அவளுடைய முகவர் கபிலன் ஒலிப்பதிவு கொடுத்திருந்தான். அன்று மாலை ஐந்து மணிக்கு மாற்றம் உறுதியாகிவிடும்.

நிரஞ்சினி முன்பு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். இப்போது இப்படியான சிக்கல்களை விசாரிப்பவள். துணைக்குச் செந்தூரன், ஓய்வுபெற்ற நடுவர். எதற்கும் முதலில் விசில் ஊதுகிற ஆள்.

மூவரும் பதிவைக் கேட்டார்கள். கோப்பிக் கடை இரைச்சல். பேச்செல்லாம் ஆங்கிலம். மெல்பேர்ன் நல்ல இடமென்று கபிலன் வற்புறுத்தினான். வினுஷா பேசவில்லை. ஒரு கதிரை தரையில் இழுபட்டது. பிறகு அவள் குரல், தமிழில்: "சரி, வாறன்." அதோடு பதிவு முடிந்தது. கழகத்துக்குப் போன ஆங்கில மொழிபெயர்ப்பு, அவள் வரச் சம்மதித்ததாகச் சொன்னது.

"வெட்டி ஒட்டியிருக்கிறான்," என்றார் செந்தூரன்.

"இல்லை அண்ணை. குரல் பிள்ளையின்ரதான். கதிரையைக் கேளுங்கோ."

அவர் இன்னும் இரண்டு தரம் கேட்டார். கதிரை கதிரையாகத்தான் கேட்டது.

நான்கு மணிக்குக் கபிலனும் கழக முகாமையாளரும் வந்தார்கள். முகாமையாளருக்குத் தமிழ் தெரியாது. மெல்பேர்னிலிருந்து வரப்போகிறவளுக்கு யார் முகவர் என்று நிரஞ்சினி கபிலனைக் கேட்டாள்.

"அதுவும் நான்தான். ரெண்டு பக்கமும் கொமிஷன் எடுக்கிறதில என்ன பிழை?"

"ஒண்டுமில்லை. நீங்கள் போகலாம்."

கதிரையை இழுத்துவிட்டு அவன் எழுந்தான். "சரி அக்கா, நான் வாறன்."

செந்தூரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

நிரஞ்சினி முகாமையாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "இவர் இப்போது சொன்னதும் அதே 'வாறன்'தான். உங்களிடமுள்ள மொழிபெயர்ப்பின்படி, இவர் வருகிறார்."

முகாமையாளர் கதவைப் பார்த்தார். கபிலனின் கை அதன் பிடியில் இருந்தது.

விடைபெறும்போது தமிழர் 'போறன்' என்று சொல்வதில்லை என்று விளக்கினாள் நிரஞ்சினி. அது நல்லதில்லை என்பார்கள். போகிறவர் வாறன் என்றுதான் சொல்வார். வினுஷா கதிரையை விட்டு எழுந்த பிறகே அதைச் சொன்னாள். பேச்சு முழுவதிலும் வந்த ஒரே தமிழ் அதுதான்.

"பிழையா விளங்கிட்டன்," என்றான் கபிலன்.

"அது உங்கட வீட்டுச் சொல்லும்தானே, தம்பி."

முகாமையாளர் மாற்றப் பத்திரத்தை இரண்டாகக் கிழித்தார்.

வினுஷா பையைத் தோளில் போட்டுக்கொண்டு கபிலனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பிராக்டிஸுக்குப் போறன். இங்க, சிட்னியில. இதையும் பதிஞ்சு வையுங்கோ, அண்ணா. போறன்."