பொட்டு வைத்த கோழி

டிரிங்... டிரிங்...

மூன்றாவது முறையாக அலறியது மதுராவின் கைப்பேசி. வட்டகொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குள் சிக்னல் கிடைப்பதே அதிசயம். எடுத்தாள்.

கண்டியிலிருந்து கிஷாந்த். ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கியும் நக்கலுமாகக் குடியிருப்பவன்.

“டொக்டர், நீங்க தோல் வெட்டி அனுப்பின கொழுந்து பறிக்கற பொம்பள... பேரென்ன?”

“கிருஷாந்தி. குதிக்காலில கறுப்புப் புண். மெலனோமா எண்டு சந்தேகம். ஏன்?”

“அவங்க முட்டை போடுவாங்களா?”

“எனக்குப் பகிடிக்கு நேரமில்லை, கிஷாந்த்.”

“எனக்கும்தான். போத்தலுக்குள்ள இருக்கறது கோழித் தோல்.”

மதுரா கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள்.

“நீங்க ஆராயற அந்தப் புரதத்துக்குச் சாயம் போட்டேன். மனுசத் தோலுக்குன்னு செஞ்ச சாயம், ஏறவே இல்ல. என்னடான்னு உத்துப் பாத்தா, இறகு மொளச்ச குழி. நடுவுல கறுப்புப் பொட்டு வேற. கருக்கின சவ்வரிசி.”

அந்தப் புரதம்...

உயிர்க்கலத்தின் மென்சவ்வில் குந்தியிருக்கும் துரோகி. பக்கத்துக் கலங்களைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் புற்றுக் கலத்துக்குக் கதவைத் திறந்து, ‘கிளம்பு’ என்று வழியனுப்பி வைக்கும். அது கூடியிருந்தால் புற்று குதிகாலோடு நிற்காது. ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பயணம் வைத்துவிடும். மதுராவின் மூன்று வருட ஆராய்ச்சியே அதுதான்.

கிருஷாந்திக்கு முப்பத்திரண்டு வயது. எட்டு மாதக் கைக்குழந்தை. நான்கு நாள் வீணாகிவிட்டது.

மதுரா திரும்பினாள். மேசைக்கு அந்தப் பக்கம் தம்பிஐயா. மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக முப்பது வருடம் அந்த இடத்தை ஆள்பவர். அந்தப் புண்ணை அட்டைக்கடி என்று சொல்லி ஆறு மாதம் ஊதா மருந்து பூசியவரும் அவரே.

“ஐயா, திங்கட்கிழமை நான் வெட்டின துண்டு எங்க இருந்தது?”

“என்ர அலுமாரிக்குள்ள. திறப்பு என்ர இடுப்பில.” இடுப்பில் தொங்கிய சாவியைத் தட்டிக் காட்டினார்.

“அப்ப மாத்தினது நீங்கள்தான். உள்ள இருந்தது கோழித் தோல். சவ்வரிசி மையில பொட்டும் வச்சிருக்கு.”

தம்பிஐயா பதறவே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“பிள்ளை, நான் தனிக்கட்டை. சவ்வரிசி கருக்கிப் பொட்டு வைக்க என்னிட்ட என்ன கைக்குழந்தையே கிடக்கு?”

கைக்குழந்தை!

பத்தே நிமிடம். மதுரா தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கிருஷாந்தியின் ஒற்றை அறையான ஏழாம் காம்பராவில் நின்றாள்.

கிருஷாந்தி பிள்ளையை மடியில் போட்டு, கண்ணூறு படாமல் உள்ளங்காலில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிரட்டை. உள்ளே கன்னங்கரேலென்று சவ்வரிசி மை.

“பொட்டு வடிவாயிருக்கு. கோழிக்கும் இதே மைதானோ?”

கிருஷாந்தியின் விரல் அப்படியே நின்றது.

“கோழிக்குப் புத்துநோய் வராதுல்லங்க, டொக்டரம்மா? ‘ஒண்ணுமில்ல’ன்னு காயிதம் வந்துரும்னு நெனச்சேன்.”

“இது உயிர் போற விசயம், விளங்குதே?”

“புத்துநோய்னா தோட்டத்துப் பதிவுலருந்து பேர வெட்டிருவாங்க. பேர் இல்லாட்டி காம்பரா இல்ல. கொழும்புக்குப் போன மனுசன் ஒரு வருசமாத் திரும்பல. புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்? உசுரு கொஞ்ச நாளு பொறுக்கும். காம்பராவுக்கு அடுத்த மாசமே ஆள் வந்து நிப்பாங்க.”

மதுரா சிரட்டையைத் தள்ளி வைத்துவிட்டு அவளருகே உட்கார்ந்தாள்.

“பேரை வெட்டுவினம் எண்டு ஆர் சொன்னது?”

“டிஸ்பென்சர் ஐயாதாங்க. அட்டக்கடின்னு மருந்து போட்டது வெளிய தெரிஞ்சா ஒனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்னாரு. அலமாரியத் தொறந்து விட்டதும் அவருதான். கோழியும் அவரு வீட்டுதுங்க. எனக்குத் தோலு மட்டுந்தான். ஒரு துண்டு கறி தரல.”

“உங்கட துண்டை எறிஞ்சிட்டீங்களோ?”

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஜாம் போத்தல் வெளியே வந்தது.

“என் ஒடம்பாச்சேங்க, எப்பிடி வீசுறது? அந்த மருந்துத் தண்ணியிலயே பாதிய ஊத்திப் போட்டிருக்கேன். இல்லாட்டி கெட்டுரும்னு நீங்கதான சொன்னீங்க.”

அன்று மாலை ரயிலிலேயே ஜாம் போத்தல் கண்டிக்குப் போனது. மதுராவின் மடியில்.

அடுத்த வியாழன், கிஷாந்த் நக்கலடிக்கவில்லை.

“புத்துதான், டொக்டர். ஆனா மேலாப்புலதான் நிக்குது. உங்க புரதமும் ரொம்பக் கொறவு. ஆள் இன்னும் பயணம் கெளம்பல. இப்பவே வெட்டி எடுத்தாத் தப்பிச்சிருவாங்க.”

மதுரா இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு. கிருஷாந்திக்கு ஆறு வாரம் மருத்துவ விடுமுறை, பேரில் கை வைத்தால் தொழிற்சங்கத்தோடு வருவேன் என்று. துரை உடனே கையெழுத்துப் போட்டார்.

மற்றது மேலிடத்துக்கு, தம்பிஐயாவைப் பற்றி.

“என்ன பிள்ளை, அறிக்கை வந்திட்டுதோ?” தம்பிஐயா பல்லைக் காட்டினார்.

“வந்திட்டுது. உங்கட கோழிக்கு ஒண்டுமில்லை.”

பல் மறைந்தது.

மதுரா கையை நீட்டினாள்.

“அலுமாரித் திறப்பைத் தாங்கோ, ஐயா. கதவைத் திறந்து விடுற துரோகியை நான் கிருஷாந்தியின்ர காலில எல்லோ தேடினன்... அது உங்கட இடுப்பில தொங்குது.”