மருமகள் போட்ட டீ

லாரி ஆபீஸ் முதலாளி மூன்றாவது தடவையாக நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தபோது காலை மணி பதினொன்று பத்து. கண்ணாடி டம்ளர் உடைந்து டீ தரையெல்லாம் ஓடியது. மேசை விளிம்பில் தொங்கிய டெலிபோன் ரிசீவருக்குள் யாரோ "ஹலோ, ஹலோ" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒரு நிமிஷத்துக்குள் முதலாளி கண்ணைத் திறந்தார். முதலில் தரையில் கிடந்த டீயைப் பார்த்தார். பிறகு, அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசல்படியில் நின்றிருந்த மருமகளைப் பார்த்தார்.

மூன்று தடவையும் அதே ஆபீஸ், அதே பதினொரு மணி டீ, அதே மருமகள். ஊர் வாய்க்கு இது போதாதா? சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை கண், காது, மூக்கு வைத்துப் பேசியாகிவிட்டது.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் பெயர் சொல்லவில்லை. வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசிய மாதிரி இருந்ததாம். "லாரி ஆபீஸ் பெரியவருக்கு மருமக டீயில என்னவோ கலந்து குடுக்கிறா. மெடிக்கல் ஷாப்புல வேலை பார்த்தவ. எந்த மாத்திரை என்ன பண்ணும்னு அவளுக்கு அத்துப்படி."

விசாரணை பெண் எஸ்.ஐ. ஒருவரிடம் வந்தது. ஸ்டேஷனில் அவருக்கு 'சல்லடை' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவருக்கும் தெரியும், கோபமில்லை. எதையும் ஒரு தரம் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

வீடும் ஆபீசும் ஒரே கட்டடம். கீழே ஆபீஸ், மேலே வீடு. சல்லடை முதலில் மாமியாரைப் பிடித்தார். பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அந்த அம்மாள் கொட்டித் தீர்த்தார். கல்லு மாதிரி இருந்த மனுஷன், இவள் வந்த எட்டே மாசத்தில் இப்படி ஆகிவிட்டார். இ.சி.ஜி. எடுத்தாகிவிட்டது, சர்க்கரை பார்த்தாகிவிட்டது, டாக்டர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாமல் ஆள் விழுவாரா? ஆள் குணமும் மாறிப்போச்சு. ஆறு மாசமாகத் தாடி வேறு வளர்க்கிறார். "இந்த வயசுல என்ன காதல் தோல்வியான்னு கேட்டேன், எரிஞ்சு விழறாரு" என்றார்.

"மருமக கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"காலேஜ் முடிச்சிட்டு வீட்டுலதான் இருந்தா. வேலைக்கெல்லாம் போன பொண்ணு எங்களுக்கு வேண்டாம்னு சொல்லித்தான் பார்த்தோம்."

சல்லடை ஒரு கணம் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அதில் பொய் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுலயும் அவங்கதானே டீ போடறாங்க? அன்னைக்கு ஐயாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எங்க எல்லார் கண் முன்னாடியும் கலக்குறதுக்கு அவ என்ன கிறுக்கியா?"

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் விழுந்ததும் சாட்சி, விழாததும் சாட்சி.

மகன் ஹாலில் உட்கார்ந்திருந்தான். மனைவியைப் பற்றிக் கேட்டதும் உருகினான். அவள் தங்கம், மனசில் ஒரு சூதுவாது கிடையாது, யாரோ வேண்டாதவர்கள் கிளப்பிவிட்டது என்றான். அவன் எதிரே காலையில் வைத்த டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. சல்லடை அதையும் பார்த்தார்.

மருமகள் சமையலறையில் நின்றிருந்தாள். இரவு முழுக்க அழுத முகம். பக்கத்து அறை மூலையில் அவள் பெட்டி பாதி அடுக்கியபடி இருந்தது. மாலைக்குள் கிளம்பிவிடச் சொல்லி மாமியார் உத்தரவு. போவது அம்மா வீட்டுக்கா, ஜெயிலுக்கா என்பது மட்டும்தான் பாக்கி.

"மெடிக்கல் ஷாப்புல எத்தனை நாள் வேலை பார்த்தே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு வருஷம் மேடம். அது... இந்த வீட்டுல தெரியக் கூடாதுன்னு இருந்தோம்." பிறகு, தான் எதையும் கலக்கவில்லை என்றும், பிளாஸ்கில் மீந்த டீயை மூன்று நாளும் கணக்குப்பிள்ளைதான் குடித்தார் என்றும் சொன்னாள்.

கணக்குப்பிள்ளையும் ஆமாம் என்றார். அவர் திடமாக இருந்தார். இன்னொரு டீ கிடைக்குமா என்றுகூடக் கேட்டார். தரையில் சிந்திய டீயைத் துடைத்த துணியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பிற்பகல் பதில் வந்தது. டீ, பால், சர்க்கரை. வேறு எதுவும் இல்லை.

"எல்லா விஷமும் சோதனையில தெரியுமா?" என்றார் மாமியார்.

சல்லடைக்கு உறுத்தியது வேறு விஷயம். விஷம் தின்றவன் ஒரு நிமிஷத்தில் கண்ணைத் திறந்து டீயையும் அதைக் கொண்டுவந்தவளையும் மாறி மாறிப் பார்ப்பானா?

மணி நான்கு. சல்லடை கீழே ஆபீசில் பெரியவருக்கு எதிரே உட்கார்ந்தார். பெரியவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. இந்த வீட்டில் இனி எதையும் வாயில் வைக்கப் போவதில்லை என்றார். பேசப் பேச நாக்கு வறண்டது. பாவமாக இருந்தது. சல்லடை தன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி நீட்டினார். போலீஸ் தண்ணீர் என்ற நம்பிக்கையில் பெரியவர் இடது கையில் வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார்.

போன் அடித்தது.

பெரியவர் வலது கையால் ரிசீவரை எடுத்து இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கினார். கை பேனாவுக்குப் போனது. "சொல்லுங்க, எத்தனை டன்?" என்றார். லாரி நம்பரில் பாதி எழுதியிருப்பார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. டம்ளர் நழுவியது. நாலாவது தடவையாகப் பெரியவர் சரிந்தார்.

சல்லடை மேசையைச் சுற்றி ஓடி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி ஒரு அடி அடித்துவிட்டு, அடுத்ததை அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. பிறகு மெல்ல மெல்ல வேகம் பிடித்தது. சத்தம் கேட்டு மேலிருந்து மாமியாரும் மகனும் ஓடி வந்தார்கள். பின்னால் மருமகள், படியிலேயே நின்றுவிட்டாள்.

"இப்பவும் ஏதாவது குடுத்தாளா?" என்றார் மாமியார்.

"இப்ப குடுத்தது நான். உள்ள வைக்கணும்னா என்னையும் சேர்த்துத்தான் வைக்கணும்."

பெரியவர் எழுந்து உட்கார்ந்ததும் சல்லடை, மற்ற நேரத்தில் போனை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுவாராம். நாள் முழுக்க அப்படித்தான், ஒன்றும் ஆனதில்லை. இடது கையில் டம்ளர் இருந்தால்? பெரியவர் ரிசீவரையும் தன் இடது தோளையும் பார்த்தார்.

சல்லடை கையை நீட்டி அவருடைய தாடியை இடது தாடைக்குக் கீழே விலக்கப் போனார். பெரியவர் வெடுக்கென்று தள்ளிவிட்டார். "அங்க தொடாதீங்க."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. தாடிக்குள்ளே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல், தாடி வளர்த்து மூடியிருந்தார். போன வாரம்தான் யாருக்கும் தெரியாமல் பக்கத்தூர் டாக்டர் ஒருவரிடம் காட்டினார். சாதாரணக் கட்டி, வரும் திங்களன்று ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

சல்லடையின் அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தலை, கழுத்துக் கட்டிகளுக்கான சர்ஜன். மறுநாள் குடும்பத்தோடு எல்லோரும் அவர் அறையில் இருந்தார்கள். அக்கா இரண்டு விரலை வைத்துக் கட்டியைத் தடவிப் பார்த்தார். பக்கவாட்டில் அசைந்தது, மேலும் கீழும் அசையவில்லை. விரலுக்கடியில் துடித்தது. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். படம் வந்ததும் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கழுத்தில் இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கவட்டையில் அரிசி அளவு ஓர் உறுப்பு உண்டு. அதில் அபூர்வமாக வரும் கட்டி இது. கரோடிட் பாடி டியூமர். பெரும்பாலும் புற்று கிடையாது. ஆனால் இதயத்துக்கு வேகத்தைக் குறை என்று சொல்லும் நரம்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ரிசீவரை இடுக்கும்போதெல்லாம் கட்டி அந்த நரம்பை அழுத்த, நாடி இறங்கி, ஆள் விழுந்திருக்கிறார்.

"திங்கட்கிழமை வரைக்கும் விட்டு ஊசி குத்தியிருந்தா ரத்தம் நிக்காம ஆளே போயிருப்பார்" என்றார் அக்கா. "இது முழுக்க ரத்தம். ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்."

சல்லடை குடும்பத்தின் பக்கம் திரும்பினார். "குற்றவாளி அதுதான். டீ கையில இருந்தாத்தான் ஐயா போனைக் கழுத்துல இடுக்குவார். ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவு, போன் கிடையாது. அதனாலதான் அன்னைக்கு விழல. கணக்குப்பிள்ளைகிட்ட கேட்டுட்டேன், மூணு நாளும் ரிசீவர் தொங்கிச்சு, எல்லாரும் டம்ளரைத்தான் பார்த்தீங்க."

மாமியார் எழுந்து வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். பெரியவர், "தப்பு பண்ணிட்டேன்மா" என்றார். மகனும் எழுந்தான். "நான் அப்பவே சொன்னேன்ல, அவ அப்படிப்பட்டவ இல்லன்னு."

மருமகள் அவனைப் பார்க்கவில்லை. "மேடம், ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினது யாரு?"

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா."

"நீங்க சமையக்கட்டுல வந்து முதல்ல கேட்டதே மெடிக்கல் ஷாப் பத்தித்தான். அது அத்தைக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியாது. வீட்டுல சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினது இவர்."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் என்பது போல் என்னவோ வந்தது.

"பயமா இருந்தா என்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றாள். "மாமா ஆபரேஷன் முடியற வரைக்கும் நான் பக்கத்துல இருப்பேன். அப்புறம் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். கூப்பிட வராதீங்க."

சொன்னபடியே இருந்தாள். முதல் நாள் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் நாளங்களை அடைத்தார்கள். மறுநாள் கட்டியைக் கழுத்தின் பெரிய ரத்தக் குழாயிலிருந்து நூல் நூலாகப் பிரித்து எடுத்தார்கள். குரல் நரம்பு கொஞ்சம் அடிபட்டுவிட்டது, பேச்சு திரும்ப நாளாகும் என்றார்கள். பெரியவருக்குக் கஞ்சி இறங்க ஆரம்பித்த அன்று அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெரியவருக்கு முதன்முதலில் குரல் வந்தபோது கட்டிலருகே மகன் மட்டும்தான் இருந்தான். காற்றுபோலக் கரகரத்த அந்தக் குரலைக் கேட்க அவன் குனிய வேண்டியிருந்தது.

"போய் அவ வாசல்ல நில்லு" என்றார் பெரியவர். "கூப்பிடாதே. நில்லு."