பிரேக் குழாயில் நின்ற காற்று

முந்தின நாள்தான் பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடித்த பானெட்டின் மேல் அரை டப்பா பிரேக் ஆயிலைக் கொட்டிவிட்டு நின்றான் மெக்கானிக். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் பற்றிப் பத்து நிமிஷம் வகுப்பு எடுக்கிறவனே அவன்தான். துணியால் துடைத்தான். பச்சை நிறம் துணியோடு வந்தது. அடியிலிருந்து பழைய துரு எட்டிப் பார்த்தது.

"பரவாயில்ல போ, உன் மூஞ்சியும் என் மூஞ்சியும் இப்போ ஒண்ணாயிடுச்சு," என்று ஜீப்பைச் சமாதானப்படுத்தினான்.

பட்டறை, மலைச்சாலை தொடங்கும் இடத்தில் இருந்தது. மத்தியானம்தான், ஆனாலும் மழை இருட்டு. தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அவன் பேசியது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த ஜீப் அவனைவிட வயதில் மூத்தது. அக்கா புருஷனுடையது. மலைமேல் இருக்கும் வீடுகளுக்கு காஸ் சிலிண்டர் ஏற்றிப் போவார். போன வருஷம் பின் சக்கரங்களின் பழைய டிரம் பிரேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்க் பிரேக் வைத்துக் கொடுத்தவன் இவன்தான். "இனிமே நினைச்ச இடத்துல நிக்கும் மாமா!" என்று வாய் கிழியப் பேசினான். பதினோராம் நாள், நாலாவது வளைவில், ஜீப் நிற்கவில்லை. மாமாவும் பிழைக்கவில்லை.

மழை, வழுக்கல், வேகம் என்று விசாரணையில் எழுதினார்கள். அந்தக் காகிதத்தின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பத்து மாதமாக அவன் தூங்கினான்.

நொறுங்கிய முன்பக்கத்தைச் சரிசெய்தாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் அக்காவே ஓட்டப் போகிறாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மிச்சம் இருந்தது பிரேக் குழாயில் ஏர் எடுக்கிற வேலை மட்டும். உள்ளே காற்று நின்றால் பிரேக் பிடிக்காது.

அது இரண்டு ஆள் வேலை. ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்து "மிதி" என்பான். மேலே இருப்பவன் பெடலை அழுத்திப் பிடிப்பான். கீழே இருப்பவன் சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் திருகைத் தளர்த்தினால் ஆயிலோடு காற்றும் குமிழி குமிழியாகப் பாட்டிலுக்குள் வரும். எப்போதும் பெடலில் மாமாதான். வாயில் பெப்பர்மின்ட் மிட்டாய் இருப்பதால் பேச மாட்டார். அழுத்திப் பிடித்ததும் இடது குதிகாலால் தரைத்தகட்டில் இரண்டு தட்டு தட்டுவார்.

இன்று பெடலுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கட்டையை வெட்டி வைத்திருந்தான். அதை மேலேயே மறந்துவிட்டு அடியில் போய்ப் படுத்தான். திருகில் ஸ்பேனரை மாட்டினான். பழக்கம் யாரை விட்டது?

"மிதிங்க மாமா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

தக். தக்.

மழையாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் கை, அவனைக் கேட்காமல், திருகைத் தளர்த்திவிட்டது.

ஆயில் பீறிட்டு வந்தது.

பெடலை யாராவது மிதித்தால் ஒழிய அது அப்படி வராது.

சுத்தமான ஆயில். ஒரு குமிழி இல்லை. துருவும் கிரீஸும் நாறுகிற அந்த இடத்தில், மெல்ல, பெப்பர்மின்ட் வாசனை இறங்கியது.

படுத்தபடியே, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், கண்ணுக்கு எதிரே, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரைப் பார்த்தான்.

திருகு கீழ்ப்பக்கம் இருந்தது.

காற்று மேலே ஏறும். திருகு மேலே இருந்தால்தான் அது வெளியே போகும். அவன் இடது பக்கத்துக் கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தான். அன்றைக்கு டிவியில் ஒரு மேட்ச். அந்த அவசரம். "பெடல் பஞ்சு மாதிரி இருக்கு மச்சான்," என்றார் மாமா. "புதுசுன்னா அப்படித்தான் மாமா, ஓட ஓடச் செட்டாயிடும்," என்றான் இவன்.

அழுதுகொண்டே இரண்டையும் கழற்றி மாற்றிப் போட்டான். ஒரு மணி நேரம் ஆனது. வண்டிக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை.

மறுபடி அடியில் படுத்தான். இந்தத் தடவை அவன் வாயே திறக்கவில்லை.

தக். தக்.

திருகைத் தளர்த்தினான். குமிழிகள் வந்தன. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. மறுபடி அதே இடைவெளி.

தூங்குகிற மனுஷன் மூச்சு விடுகிற மாதிரி.

பாட்டில் நிறைந்தது. இரண்டாவது பாட்டிலும் நிறைந்தது. மேலே ஆயில் ஊற்ற ஆள் இல்லை. ஆயிலும் தீரவில்லை, குமிழியும் தீரவில்லை.

வாசலில் நனைந்த செருப்பு இரண்டு வந்து நின்றன. அக்கா.

"முடிஞ்சுதாடா?"

"அக்கா, உள்ள வராத. அங்கயே நில்லு." "அன்னைக்குக் கிளம்பறப்ப மாமா ஏதாவது சொன்னாரா?"

பத்து மாதமாக இதையே வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறான். "விடுடா, நடந்தது நடந்துபோச்சு," என்பாள். இன்று அப்படிச் சொல்லவில்லை.

"சொன்னார். பெடல் சரியில்ல, பயமா இருக்குன்னார். தம்பிய ஒரு தடவை கேட்டுக்கோங்கன்னு சொன்னேன். அதுக்கு அவர், கேட்டுட்டேன், ஒண்ணும் இல்லேன்னுட்டான், அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்னு சிரிச்சுட்டுத்தான் போனார்."

"இவ்வளவு நாள் ஏன்க்கா சொல்லல?"

"எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தானே."

"அப்போ... என்னாலதானா?"

"ஆமாடா," என்றாள் அக்கா. கோபமே இல்லாமல்.

அவன் தலைக்கு மேலே பெடல் மெதுவாக இறங்கியது.

தக். தக்.