மெழுகுவர்த்தி எரியாத மேடு

தஞ்சாவூர்க் கீழவாசலில் ஜெக்கரியாவின் வீட்டுக்கு அந்தப் பெண் வந்தபோது, மூன்று நாளாகக் கொட்டிய ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்தது. உட்காரச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

"எங்க ஊருக் கல்லறையில ஒரு குழி கூடுதலா இருக்குங்க ஐயா."

ஜெக்கரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வு பெற்ற சர்வேயர் அவர். வரப்புத் தகராறுகளில் முப்பது வருஷம் உண்மையைத் தேடியவர். அவரிடம் அத்தனை வருஷமும் அளவுச் சங்கிலி பிடித்த இளையபெருமாளுக்கு அந்த நிதானம் பழகிவிட்டது. பொறுமைதான் பழகவில்லை.

"கூடுதலான்னா எப்படிம்மா? வயக்காட்டுக்கு எழுதுற மாதிரி கல்லறைக்கும் அடங்கல் கணக்கா எழுதுறாங்க?"

அவள் பெயர் செவ்வந்தி. ஊர், குடவாசலுக்குத் தெற்கே சவரிமங்கலம். கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் அங்கே ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மேடுகளில் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றும். மறுநாள் காலை புல்லறுக்கப் போனபோது பார்த்தாள். எல்லா மேட்டிலும் மெழுகு உருகிக் கிடந்தது. வடகோடியில் இருந்த ஒரு புது மேட்டில் மட்டும் ஒரு சொட்டுக்கூட இல்லை. யாரைக் கேட்டாலும் அது தங்களுடையது இல்லை என்கிறார்கள்.

"திருநாளன்னிக்கே நீ கவனிக்கலையா?"

"நான் போகலீங்க. அது செத்தவங்களுக்கான பூசை. எங்க வீட்டுல யாரும் சாகலையே." கடைசி வார்த்தையில் அவள் குரல் உயர்ந்து உடைந்தது.

மற்றதையும் மெல்லச் சொன்னாள். புருஷன் சாமிதுரையை மூன்று வாரமாகக் காணோம். மிராசுதார் துரைராசுவின் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். குத்தகையைத் தன் பெயரில் பதியச் சொல்லி மனுப் போட்டவன். திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை. இப்போது மிராசுதாரின் காரியக்காரர் அரசப்பன் ஒரு தாளைக் காட்டுகிறார். நிலத்தை விட்டுக்கொடுத்ததாக அதில் சாமிதுரையின் கைரேகை இருக்கிறது. சாமியார் வராத நாளில் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் பாக்கியநாதன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ரேகை வைத்துவிட்டு நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறிப் போனான், கண்ணால் பார்த்தோம் என்று இருவரும் சொல்கிறார்கள்.

"ஓடிப்போயிருந்தா நிலம் போயிடும்," என்றார் ஜெக்கரியா. "ரேகை வைக்காம இறந்திருந்தா, கூட உழைச்ச மனைவிக்குக் குத்தகை வந்து சேரும்."

"தெரியுமுங்க. அதான், மாதாகிட்ட எதை வேண்டிக்கிறதுன்னு தெரியலைங்க."

ஜெக்கரியா எழுந்து, அளவுச் சங்கிலியை எடுத்துவைக்கும்படி இளையபெருமாளிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை, சம்பா வயல்களுக்கு நடுவே தண்ணீர் சூழ்ந்து கிடந்த கல்லறையில் இளையபெருமாள் சங்கிலியை இழுத்துப் பிடித்தார். காற்று இல்லை. தவளைகள்கூடக் கத்தவில்லை.

"அரசப்பன் வேலைதான் ஐயா. இதுக்குச் சங்கிலி எதுக்கு?"

"மறைக்க நினைக்கிறவன் மேடு கட்டுவானாய்யா? மண்ணைச் சமமா மிதிச்சுட்டுப் போனா மிச்சத்தை மழை பாத்துக்கும். இவன் மேடு கட்டியிருக்கான். அதுவும் கிழக்கு மேற்கா, வரிசை பிசகாம. உங்க ஊர்ல எப்படிப் புதைப்பாங்க?"

"தெற்கே தலை வச்சு."

"இங்கே மேற்கே தலை வைப்பாங்க. கடைசி நாள்ல எழும்பறப்போ சூரியன் உதிக்கிற திசையைப் பார்த்து எழணும். கையில ரத்தத்தோட இருந்தவன்கூட அதை மறக்கலை."

இளையபெருமாள் சங்கிலியை விட்டு நிமிர்ந்தார். அப்படியென்றால் இந்தக் கோயிலில் முழங்கால் போட்டு ஜெபிக்கும் ஒருவன். "அப்ப செவ்வந்தி சொன்ன குழிவெட்டி காத்தான்!" என்றார் உடனே.

அந்த வருஷத்துப் புதுக் குழிகளை அளந்தார்கள். மூன்று குழிகள் விரற்கடை பிசகாமல் ஆறரை அடி இருந்தன. நான்காவது ஆறடிகூட இல்லை. ஒரு பக்கம் கோணியிருந்தது.

குழி அளக்கும் கோலோடு வந்து சேர்ந்த காத்தான் அதைப் பார்த்து முகம் சுளித்தான். "இது என் கை இல்லீங்க. இப்படி வெட்டியிருந்தா எங்கப்பன் குழியிலேருந்து எந்திரிச்சு வந்து உதைப்பான்."

"இந்த வருஷம் ஊர்ல எத்தனை சாவு?"

"மூணுங்க. மூணுக்கும் நான்தான் வெட்டினேன்."

"திருநாளன்னிக்கு?"

"மணிக்கூண்டுல இருந்தேன். அந்தந்த வருஷம் செத்தவங்க பேரை உபதேசியார் வாசிப்பாரு, பேருக்கு மணியில ஒரு அடி. மழையில கயிறு ஊறிக் கனத்துப்போச்சுங்க. நாலு அடி அடிக்கிறதுக்குள்ள தோள்பட்டை விட்டுப்போச்சு."

"யார் யார் பேருன்னு கேட்டியா?"

"கேட்டா மட்டும் புரியுமா? எல்லாம் ஞானஸ்நானப் பேருங்க. எனக்கே அருளப்பன்னு பேராம். அந்தப் பேரைச் சொல்லி யாராச்சும் கூப்பிட்டா நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

இளையபெருமாள் சிரித்தார். ஜெக்கரியா சிரிக்கவில்லை. சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். பிறகு, "குடவாசல்ல பங்குச்சாமியார் வீட்டுக்குப் போகணும். ஞானஸ்நானப் புத்தகம் அங்கேதான் இருக்கும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சபை கலைந்ததும், பங்குச்சாமியார் சிலரை மட்டும் இருக்கச் சொன்னார். அரசப்பன் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, யாருக்கோ துக்கம் விசாரிக்க வந்தவர்போலக் கடைசியில் உட்கார்ந்தார். செவ்வந்தி தூணோரம் நின்றாள். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"உபதேசியாரே, திருநாளன்னிக்கு வாசிச்ச பேரெல்லாம் ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டார் ஜெக்கரியா.

பாக்கியநாதன் நரைத்த தலையை அசைத்தார். "சந்தியாகு. ரெபேக்காள். லூர்து."

"நாலாவது?"

"மூணு சாவுதானுங்களே இந்த வருஷம்."

"மூணு சாவு. மூணு குழி என் கைக் கோல் அளவுக்கு. ஆனா நான் நாலு அடி அடிச்சேன் உபதேசியாரே," என்றான் காத்தான், விளங்காமல்.

ஜெக்கரியா ஒரு துண்டுத் தாளைப் பிரித்தார். "அந்தக் குழியை வெட்டினவர் விசுவாசி, ஆனா வெட்டிப் பழக்கமில்லாதவர். செத்தது யாருன்னு அவருக்குத் தெரியும். வெளியே, அவன் பஸ் ஏறினதைப் பாத்தேன்னு சாட்சி சொல்றார். பீடத்துக்கு முன்னாடி, அவன் ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறார். ஊருக்கே தெரியாத பேரைச் சொன்னா யாருக்கும் விளங்காதுன்னு நம்பினார். யோவாக்கீம். புத்தகத்துல பக்கத்திலேயே எழுதியிருக்கு, அழைக்கும் பெயர் சாமிதுரைன்னு."

பாக்கியநாதன் முழங்காலில் விழுந்தார். 

"ஊர்ல நம்ம சனம் நாப்பது வீட்டுக்கும் குடியிருக்கிற மனையை எழுதித் தரேன், இவன் ஒருத்தன் மட்டும் நிலத்தை விட்டு விலகட்டும்னு மிராசுதார் சொன்னார். மதகுகிட்ட வச்சுக் கெஞ்சினேன். கேக்கலை. கையைப் பிடிச்சு இழுத்தேன், உதறினான். ஆத்திரத்துல தள்ளிட்டேன். மதகுக் கல்லுல தலை பட்டுது. உடம்புச் சூடு ஆறுறதுக்குள்ள, கூட இருந்த அரசப்பன் அவன் கட்டைவிரலைப் பிடிச்சுத் தாள்ல அழுத்தினார். ஆத்துல விட்டுடலாம்னார். என்னால முடியலைங்க. பேரைச் சொல்லி ஜெபிக்காம ஒரு ஆத்துமாவை அனுப்ப எனக்குத் தெரியாது."

அரசப்பன் எழுந்தார். வாசலில் நின்றவர்கள் வழிவிடவில்லை.

செவ்வந்தி உபதேசியாரைப் பார்க்கவே இல்லை. "கல்யாணத்தன்னிக்கு இதே இடத்துல சாமியார் அந்தப் பேரை ஒரு தடவை சொன்னாரு," என்றாள். "யாரைச் சொல்றாருன்னு நான் திரும்பிப் பாத்தேன். அவரு சிரிச்சாரு."

அன்று மாலையே அதிகாரிகள் முன்னிலையில் குழியைத் திறந்தார்கள். மேற்கே தலை வைத்து, கைகளை மார்பில் கூட்டி உடல் கிடத்தப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை குடவாசல் தாலுகா ஆபீசில் கூட்டம் நெரிந்தது. இளையபெருமாள் செவ்வந்திக்கு இரண்டடி தள்ளி நின்றார். ஜெக்கரியா வெளியே வேப்பமரத்தடியில் குடையை ஊன்றி நின்றுவிட்டார்.

"மனுதாரர் சாமிதுரை," என்று கூப்பிட்டார் குமாஸ்தா. செவ்வந்தி முன்னால் போனாள்.

"நீ யாரும்மா?"

"அவரு பொஞ்சாதிங்க. நானும் அவரும்தான் உழுதோம்."

"அவர் எங்கே? வரலையா?"

பதிலாகச் சொல்லவேண்டியிருந்தது, மூன்று வாரமாக அவள் ஊரில் யாரையும் சொல்லவிடாத வார்த்தை. அதைச் சொல்லக்கூடாது என்றுதான் திருநாளன்று அவள் கல்லறைக்கே போகவில்லை. குமாஸ்தாவின் பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது. செவ்வந்தி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துட்டாருங்க," என்றாள். "எழுதிக்குங்க."